மடத்து மண்டபத்தில் ஒரு கதிரை

சுசிலாவுக்கு இரண்டு வருத்தங்கள். ஒன்று காலில், அதற்கு டொக்டர் இருக்கிறார். மற்றது, யார் வந்தாலும் எழும்பி நிற்கிற வருத்தம். அதற்கு லண்டனில் மருந்து கிடையாது.

சின்ன வயதில் அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் எழும்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் வந்தால் எழும்ப வேண்டும். கலியாணம் கட்டிய பிறகு மாமியார், மாமனார், மச்சான்மார், கோயில் ஐயர் என்று எழும்புவதற்கு ஆட்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. யாரும் அவளை வெருட்டி எழுப்பியதில்லை. உடம்பு தானாக எழும்பும். இன்றைக்கும் ஜிபி சர்ஜரியில் டொக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது நேர்ஸ் கதவைத் திறந்து வேறு யாருடைய பேரையாவது கூப்பிட்டால் சுசிலா எழும்பிவிடுவாள். அந்த ஆள் நடந்து உள்ளே போன பிறகு, மடியில் இருந்த பையைச் சரிசெய்வதுபோல ஒரு பாவனை காட்டிவிட்டுத் திரும்ப இருப்பாள். வயது அறுபத்து நாலு. வெட்கம்தான், என்ன செய்வது?

அவள் வேலை செய்கிற இடம் ஒரு பழைய மடம். கோலியர்ஸ் வுட்டில் பஸ் ஏறி, ஆற்றங்கரையில் இறங்கி, கார் கழுவுகிற இடத்தையும் கார்பெட் கடையையும் தாண்டினால் ஒரு கல்மதில் வரும். அதற்குப் பின்னால் இருக்கிறது. கிறிஸ்தவத் துறவிகள் எண்ணூறு வருஷத்துக்கு முந்திக் கட்டியது. பிறகு ஒரு ராஜா வந்து நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் இழுத்து மூடினான். கல்லைச் சனங்கள் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டினார்கள். மிஞ்சியது ஒரு நீள மண்டபமும் முன்னுக்கும் பின்னுக்கும் சில அறைகளும்தான். அதில் ஒரு காலம் துணிக்குச் சாயம் போட்டார்கள், ஒரு காலம் நிலக்கரி அடுக்கினார்கள். இப்போது கவுன்சில் அதை மியூசியமாக்கி, ஊர்ச் சரித்திரத்தை அடுக்கி வைத்திருக்கிறது. துறவிகள் தலைவாரிய எலும்புச் சீப்பு, ஈயத்தில் செய்த சவப்பெட்டி, அதற்குப் பக்கத்திலேயே உலக யுத்த காலத்து காஸ் முகமூடி, யாரோ ஒரு சலவைக்காரியின் இஸ்திரிப் பெட்டி. எல்லாம் கண்ணாடிக்குள் சௌக்கியமாக இருக்கின்றன.

சுசிலாவுக்கு மண்டபக் காவல். தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், படம் எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது கக்கூஸ் எங்கே என்பதுதான். அதையும் சொல்ல வேண்டும். பாரமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் நிற்க வேண்டும். கீழே கல் தரை. கோடை காலத்திலும் அந்தத் தரையில் இருந்து ஒரு குளிர் சப்பாத்துக்குள்ளால் ஏறி முழங்காலில் வந்து குந்திக்கொள்ளும். சுவரில் சாயலாமென்றால் ஏலாது. சுண்ணாம்புப் பூச்சில் பழைய காலத்து நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், மனிதர் சாய்ந்தால் உதிர்ந்துவிடுமாம். சுவருக்கு இருக்கிற கொடுப்பினை!

சும்மா சொல்லக்கூடாது, இருந்துகொண்டு பார்த்த வேலை என்று ஒன்று சுசிலாவின் வாழ்க்கையிலேயே கிடையாது. டென்மார்க்குக்கு அகதியாகப் போய் மீன் தொழிற்சாலையில் ரப்பர் பூட்ஸோடு நின்றாள். ஓடுகிற பட்டியில் மீன் வந்துகொண்டே இருக்கும், முள் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மகள் லோஜினி இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தார்கள். இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய சட்டிகளுக்கு முன்னால் நின்றாள். கடைசியாக இந்த மடம். காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்து முடிச்சு முடிச்சாகக் கிடக்கின்றன. டொக்டர் இறுக்கமான ஸ்ரொக்கிங்ஸ் எழுதித் தந்திருக்கிறார். அதைக் காலையில் இழுத்துப் போடுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும்.

பென்ஷன் வருவதற்கு இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கிட்ட இருக்கிறது. மடத்து வேலையோ ஏப்ரலுக்கு ஏப்ரல் புதுப்பிக்கிற ஒப்பந்தம். இன்னும் இரண்டு ஏப்ரலைத் தாண்டிவிட்டால் போதும், அதற்குப் பிறகு கால் எப்படிப் போனாலும் போகட்டும். சுசிலா கடவுளிடம் கேட்டது அவ்வளவுதான்.

போன வசந்தத்தில் மியூசியத்துக்குப் புது மனேச்சர் வந்தாள். பெயர் ஹாரியட். முப்பது வயது இருக்கும். தலைமயிரைப் பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருப்பாள். வந்த முதல் மாதமே சுசிலா ஒரு காலில் மாறி மறுகாலில் நிற்பதைக் கண்டுவிட்டாள். அடுத்த நாள் கந்தோரில் இருந்து ஒரு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மண்டப மூலையில் வைத்தாள். கறுப்புத் துணி போட்ட சாதாரணக் கதிரை. ஒரு கைப்பிடியில் யாரோ பேனையால் கீறியிருந்தார்கள்.

"ஆட்கள் இல்லாத நேரம் மட்டுமில்லை, எப்போதும் இருங்கள்" என்றாள் ஹாரியட்.

 இவ்வளவு வருஷத்தில் கேட்காமலே கதிரை கொண்டுவந்து தந்த மனிசி இவள் ஒருத்திதான். ஹாரியட் போன பிறகு சுசிலா கதிரையின் இருக்கையை ஒருதரம் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு இருந்தாள். ஆகா! கால் இரண்டும் தன்னுடையவையே இல்லை என்பதுபோல அப்படியொரு சுகம்.

சரி, கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முதல் வருத்தத்துக்கு மருந்து வந்தவுடன் இரண்டாவது வருத்தம் முன்னால் வந்து நின்றது.

ஹாரியட்டின் கந்தோர் மண்டபத்துக்கு முன்பக்கம். தேத்தண்ணி போடுகிற அறை பின்பக்கம். ஹாரியட்டோ நாள் முழுக்கத் தேத்தண்ணியிலேயே உயிர் வாழ்கிற ஆள். அவள் ஒவ்வொரு முறையும் கையில் கோப்பையோடு மண்டபத்தைத் தாண்டிப் போவாள். கதவு கிறீச்சென்றதும் சுசிலா எழும்பி நிற்பாள். ஹாரியட் சிரித்துக்கொண்டு போவாள். சுசிலா இருப்பாள். கேத்தில் கொதிக்கிற நேரம் போனதும் ஹாரியட் திரும்பி வருவாள். சுசிலா எழும்புவாள். கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்தாலும் எழும்புவாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ரீச்சர் வந்தாலும் எழும்புவாள். சும்மா நின்றுகொண்டிருந்தபோதாவது கால் மரத்துப்போய்க் கிடந்தது. இந்த எழும்பி இருக்கிற கூத்தில் முழங்கால் நெருப்பாக எரியத் தொடங்கியது.

மற்ற மண்டபக் காவலாள் டெஸ்மண்டுக்கு இதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. அவர் லூயிஷாமில் இருந்து வருகிற ஜமேக்கன் மனிதர். சவப்பெட்டி இருக்கிற அறையில் தனக்கென்று ஒரு ஸ்ரூல் போட்டு, காலை நீட்டிக்கொண்டு இருப்பார். யார் வந்தாலும் கண் இமை மட்டும்தான் எழும்பும்.

"சுசிலா, மகாராஜாவே வந்தாலும் நான் எழும்ப மாட்டேன். அவருக்கு இருக்கக் கதிரை இருக்கிறது, எனக்கு ஸ்ரூல் இருக்கிறது. கணக்குச் சரி" என்பார்.

"எனக்கு ஏலாது டெஸ்மண்ட். உடம்பு தானாக எழும்புது."

"உடம்பிடம் சொல்லு, இது உன் பள்ளிக்கூடம் இல்லை என்று."

சொன்னாள். அது கேட்டால்தானே!

இதற்குள் ஹாரியட் வேறொரு கணக்குப் போட்டுவிட்டாள். நல்ல பிள்ளை, அதனால்தான் பிழையான கணக்கு. தான் போகிற நேரமெல்லாம் சுசிலா கதிரையை விட்டு விலகி நிற்பதைப் பார்த்து, இந்த அம்மாவுக்குக் கதிரையில் இருப்பது பிடிக்கவில்லை, கிழவி என்று காட்டிவிட்டேன், மனம் நோகப் பண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். செப்டெம்பரில் ஒரு காலை சுசிலா மண்டபத்துக்குள் வந்தபோது மூலை வெறுமையாக இருந்தது.

ஹாரியட் தானே வந்து சொன்னாள். முகம் சிவந்திருந்தது. "சுசிலா, என்னை மன்னிக்க வேண்டும். உங்களிடம் கேட்காமல் கதிரையைக் கொண்டுவந்து வைத்தது என் பிழை. நீங்கள் அதை விரும்பவில்லை என்று எனக்கு விளங்கியது. பிள்ளைகள் படம் கீறுகிற அறைக்கு எடுத்துவிட்டேன். இப்போது சரிதானே?"

இந்த இடத்தில் நாலு வசனம் பேசியிருந்தால் போதும். நாலு கூட வேண்டாம், ஒன்று. சுசிலா என்ன செய்தாள் தெரியுமா?

"நோ புரொப்ளம்" என்றாள். அதோடு விட்டாளா? "தாங்க் யூ" என்றும் சொன்னாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் குசினியின் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் நித்தியானந்தன் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு நேரெதிர் வருத்தம். இருபது வருஷம் மினிகாப் டாக்ஸி ஓடியதில் முதுகு மடிந்துபோய், இப்போது கொஞ்ச நேரம் இருந்தாலும் உயிர் போகிற வலி. இருந்து இருந்து ஒருவருக்கு இடுப்புப் போச்சு, நின்று நின்று மற்றவருக்குக் கால் போச்சு. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மனிதர் தேறுவாரோ என்னவோ.

"கதிரையை எடுத்துப்போட்டாள் எண்டுறீர், நீர் தாங்க் யூ சொல்லிப்போட்டு வந்து நிக்கிறீர்" என்று கத்தினார் நித்தியானந்தன். "நீர் என்னத்துக்கு எழும்பினனீர்? கடவுளே வந்தாலும் இருந்துகொண்டு கும்பிடலாம்."

"இவ்வளவு காலமும் நீங்கள் வேலையால வரேக்க நான் எழும்பினனான்தானே? அப்ப இருமெண்டு ஒரு நாள் சொன்னனீங்களோ?"

நித்தியானந்தன் நடையை நிற்பாட்டினார். பிறகு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "சரி, இப்ப கேளுமன். கதிரை வேணுமெண்டு நாளைக்குப் போய்க் கேளும்" என்றார்.

பிளேஸ்டோவில் இருந்து லோஜினி போனில் வந்தாள். "அம்மா, அது உங்கட ரைட். ஜிபியிட்ட ஒரு லெட்டர் எடுத்து எச்.ஆருக்குக் குடுத்தாச் சரி. நான் ஈமெயில் எழுதித் தாறன்."

"வேண்டாம் பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்."

"எப்பவும் இதைத்தான் சொல்லுறீங்கள், அம்மா."

அவள் வயிற்றில் இருந்த காலத்தில் நடந்ததைச் சுசிலா மகளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. டென்மார்க்கில், ஏழாம் மாதம். கால் வீங்கி பூட்ஸுக்குள் போக மறுத்தது. மேற்பார்வையாளனிடம் போய், அப்போது தெரிந்த நாலு டேனிஷ் சொல்லில், இருக்க ஒரு ஸ்ரூல் தர முடியுமா என்று கேட்டாள். அவன் உடனே கொண்டுவந்து தந்தான். சிரித்துக்கொண்டுதான் தந்தான். மாதம் முடிந்தது. அடுத்த மாதத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டபோது அவளைக் கூப்பிடவில்லை. ஸ்ரூல்தான் காரணமா, வேலை குறைந்ததா, இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அன்று மனதில் ஒன்று ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது. ஏலாது என்று வாய் திறந்தால் வேலை போகும். ஹாரியட் தானாகத் தந்தபோது வாங்கலாம். கேட்க முடியாது. கேட்டால், ஏப்ரல் வரும்போது ஏலாதவள் என்ற பேர் முன்னால் போய் நிற்கும்.

டெஸ்மண்ட், நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டார். சுசிலா அவருடைய கையைப் பிடித்துக் கெஞ்சினாள். வேண்டாம், ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் ஸ்ரூலுக்குப் போய்விட்டார்.

அந்த இலையுதிர் காலத்தைச் சுசிலா எப்படிக் கடந்தாள் என்று கேட்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தாள். ஹீற்றர் குழாயில் கையை ஊன்றி நின்றாள். கக்கூஸுக்குப் போவதாகச் சொல்லி, மூடியின் மேல் இருந்து கண்ணை மூடினாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யாராவது எழும்பி இடம் கொடுத்தால் அழுகை வந்தது. சமைக்கிறபோது வெங்காயம் நறுக்கக்கூட நிற்க முடியாமல் கட்டிலில் தட்டை வைத்து நறுக்கினாள். களைப்பு என்றால் படுத்து எழும்பினால் போய்விடுகிற களைப்பு இல்லை. நித்திரையிலும் அது கூடவே படுத்துக்கிடந்தது.

மண்டபத்தின் கிழக்குக் கோடியில், கயிறு கட்டி, அமராதீர்கள் என்று பலகை போட்டு ஒரு பொருள் இருக்கிறது. துறவிகளின் பழைய மரஆசனம். மடம் உடைந்தபோது யாரோ காப்பாற்றி வைத்தது. அதைப்பற்றி ஹாரியட் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு இரண்டு தரமாவது சொல்லுவாள். சுசிலா அவர்களுக்குப் பின்னால் நின்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள், இங்கிலீசு ஒரு காதால் போய் மறுகாதால் வந்துவிடும். நவம்பரில் ஒரு நாள்தான் ஒழுங்காகக் கேட்டாள். கால் அவளைக் கேட்க வைத்தது.

"இந்தத் துறவிகள் இரவும் பகலும் பல தரம் வந்து பிரார்த்தனை செய்வார்கள். முழு நேரமும் நிற்க வேண்டும், இருக்கக் கூடாது. வயதுபோனவர்கள் பாவம், நிற்க முடியாமல் விழுந்துவிடுவார்கள்" என்று சொல்லிக்கொண்டு ஹாரியட் கையுறை போட்ட கையால் ஆசனத்தை மடித்துத் தூக்கினாள். அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பலகை நீட்டிக்கொண்டு இருந்தது, ஒரு சாண் அகலம்கூட வராது. அதன் கீழே கன்னம் உப்பிய ஒரு கிழவனின் முகம் செதுக்கியிருந்தது. "ஆகவே இப்படி ஒரு பலகை வைத்தார்கள். ஆசனத்தைத் தூக்கிவிட்டு இதில் பின்பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம். பார்க்கிறவர்களுக்கு நிற்பதுபோலத்தான் தெரியும். இதற்கு லத்தீனில் வைத்த பெயருக்கு இரக்கம் என்று அர்த்தம்."

ஒரு சின்னப் பெடியன் கையைத் தூக்கினான். "அது ஏமாத்து இல்லையா, மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். சுசிலா சிரிக்கவில்லை. அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணூறு வருஷத்துக்கு முந்தி, தெய்வத்துக்கு முன்னால் நிற்கிற இடத்திலேயே கிழவன்மாருடைய காலைப் பற்றி யாரோ யோசித்திருக்கிறார்கள். அவளுக்கு அந்தக் கிழவன்மாரில் பொறாமை வந்தது. பொறாமைதான், வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுகத் தேவையில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விடாமல் பெய்தது. காலையில் இருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. முதல் நாள், திங்கட்கிழமை வந்த பள்ளிக்கூடத்துக்குக் காட்டிய ஆசனத்தை ஹாரியட் திரும்ப இறக்கி விடவில்லை, தூக்கியபடியே விட்டிருந்தாள்.

  செவ்வாயன்று சுசிலாவும் மழையும்தான்.

மத்தியானம் ஆனபோது இடது முழங்கால் துடிக்கத் தொடங்கியது. சுசிலா முன்கதவைப் பார்த்தாள். பின்கதவைப் பார்த்தாள். கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே போனாள். கிழவனின் முகத்துக்கு மேலே, அந்த ஒரு சாண் பலகையில், மெல்லச் சாய்ந்தாள்.

முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் போனது. உடம்பின் பாரம் முழுக்கக் காலில் இருந்து கழன்று மரத்தில் இறங்கியது. இருக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. கண் தானாக மூடியது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

கதவு கிறீச்சிட்டது.

ஹாரியட் கோப்பையோடு வாசலில் நின்றாள். அந்த நேரத்திலும் சுசிலாவின் உடம்பு என்ன செய்தது? எழும்பியது! சாய்ந்திருந்த உடம்பைக் கால் இரண்டும் நிமிர்த்தின, இடது முழங்கால் இடையில் கைவிட்டது. கயிற்றைப் பிடித்தாள், கயிறும் கூடவே வந்தது. கல் தரையில் பொத்தென்று இருந்துவிட்டாள். அதிலும் பாருங்கள், தரையில் கையை ஊன்றித் திரும்பவும் எழும்பப் பார்த்தாள்.

"வேண்டாம், எழும்ப வேண்டாம்!" ஹாரியட் ஓடிவந்தாள். தோளைப் பிடித்து அழுத்தினாள். பிறகு தானும் அந்தக் குளிர் தரையில் பக்கத்தில் இருந்துவிட்டாள். "அடிபட்டதா?"

"சொறி" என்று மன்னிப்புக் கேட்டாள் சுசிலா. "சொறி, சொறி. ஒன்றும் உடையவில்லை. நான் பாரம் வைக்கவில்லை."

"ஆசனம் கிடக்கட்டும். உங்களுக்கு இருக்க வேண்டுமென்றால்... சுசிலா, நான் கதிரை தந்தேனே. நீங்கள் அதில் இருக்கவே இல்லையே."

"இருந்தேன்."

"நான் வருகிற நேரமெல்லாம் எழும்பி நின்றீர்களே!"

"நீங்கள் வந்ததால்தான் எழும்பினேன்" என்றாள் சுசிலா. அவளுடைய இங்கிலீசு அந்த இடத்தில் உடைந்தது. உடைந்த இங்கிலீசிலேயே சொன்னாள். எங்கள் ஆட்கள் பெரிய ஆள் வந்தால் இருக்க மாட்டோம். நீங்கள் மனேச்சர். எனக்குக் கதிரை விருப்பம். நல்ல விருப்பம். கால் நோகுது. ஒவ்வொரு நாளும் நோகுது. கேட்கப் பயம். ஏப்ரலில் அனுப்பிவிடுவீர்கள் என்று பயம்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.  ஹாரியட்டுக்கும் கண் கலங்கியது. டெஸ்மண்ட் சத்தம் கேட்டு வந்து, இரண்டு பெண்கள் தரையில் இருந்து அழுவதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் சுசிலாவைத் தூக்கி விட்டார். ஹாரியட் டாக்ஸி பிடித்து அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனபோது கதிரை பழைய மூலையில் இருந்தது. கறுப்புத் துணி, பேனைக் கீறல், எல்லாம் அதேதான். சுசிலா இருந்தாள். யார் வருவார் என்று கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஹாரியட் வரவில்லை. தேத்தண்ணி நேரம் போனது, வரவில்லை. அதற்கடுத்த தேத்தண்ணி நேரமும் போனது. ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. கந்தோருக்குள் அவள் இருக்கிறாள், குரல் கேட்கிறது, இந்தப் பக்கம் மட்டும் வரவில்லை.  அவளுக்குக் கோபம்தான் என்று நினைத்தாள் சுசிலா. எண்ணூறு வருஷப் பொருளில் ஏறி இருந்தவளை யார் சும்மா விடுவார்கள்? அன்று பாவம் பார்த்து அழுதாள், பிறகு யோசித்திருப்பாள். கதிரையைத் தந்துவிட்டு வேலையை எடுக்கப் போகிறாள். டென்மார்க்கில் அவனும் சிரித்துக்கொண்டுதானே ஸ்ரூலைத் தந்தான்!

அப்போது பின்கதவால் டெஸ்மண்ட் வந்தார். தொப்பியில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏன் நனைந்து வருகிறாய்?" என்று கேட்டாள் சுசிலா.

"உன்னால்தான், அம்மணி!" என்றார் அவர், தொப்பியை உதறிக்கொண்டு. "மனேச்சரின் கட்டளை. பின்னறைக்குப் போகிற வேலையாட்கள் யாரும் இனி மண்டபத்துக்குள்ளால் போகக் கூடாது. முற்றத்தால் சுற்றிப் போக வேண்டும். நாங்கள் போனால் நீ எழும்பிவிடுவாயாம். எனக்கு நீ எழும்புவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் நாளைக்குக் காய்ச்சலில் படுத்தால் நீதான் பொறுப்பு."

சுசிலா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே, மழைக்குள், ஹாரியட் ஒரு கையால் கோப்பையின் வாயை மூடிக்கொண்டு, மதிலோரம் சேற்றில் கால் வைத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். குடைகூட இல்லை. கொண்டைப் பென்சிலில் இருந்து தண்ணீர் கழுத்துக்குள் வடிந்தது.

சுசிலாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எழும்பினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்கதவு வரைக்கும் போய், அதைத் திறந்து, "ஹாரியட்!" என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். இவ்வளவு நாளும் மேடம்தான்.

ஹாரியட் திரும்பினாள். "என்ன? ஏன் எழும்பினீர்கள்?"

"உள்ளால் வாருங்கள். மழையில் வேண்டாம். ஒரு நிமிஷம் மட்டும் தாருங்கள்."

ஹாரியட்டுக்கு விளங்கவில்லை. ஆனாலும் படியில் நின்றாள். சுசிலா திரும்பி நடந்து, கதிரைக்கு வந்து, இருந்தாள். உடுப்பைச் சரிசெய்தாள். கதிரையின் இரண்டு கைப்பிடிகளையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போது வாருங்கள்" என்றாள்.

ஹாரியட் உள்ளே வந்தாள். கதவு கிறீச்சென்றது. அந்தச் சத்தத்துக்குச் சுசிலாவின் உடம்பு தூக்கிப்போட்டது. தொடை இறுகியது, முதுகு முன்னுக்கு வந்தது. கைப்பிடியை விடவில்லை. முகமெல்லாம் சூடேறியது, கூச்சத்தில் காது எரிந்தது. அப்பாவும் ரீச்சரும் மாமியாரும் வரிசையில் நின்று பார்ப்பதுபோல இருந்தது. ஹாரியட் ஈரச் சப்பாத்தோடு, அவளைப் பார்த்தும் பார்க்காமலும், எண்ணூறு வருஷத் தரையில் மெல்ல மெல்ல நடந்து வந்தாள். பக்கத்தில் வந்தபோது கொஞ்சம் நின்றாள்.

"தேத்தண்ணி குடிக்கிறீர்களா, சுசிலா?"

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது சுசிலாவுக்கு. "சீனி போட்டு" என்று இங்கிலீசில் சொன்னாள்.

ஹாரியட் திரும்பிப் பின்னறைக்குப் போனாள். கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. சுசிலா கைப்பிடியை விடாமல், கதவைப் பார்த்துக்கொண்டு, இருந்தாள். இன்னும் ஒரு தரம் அவள் வருவாள். அப்போதும் இருக்க வேண்டும்.